சர்வர் இயந்திரமும் அதன் நினைவகமும்

பேரேடு, ரொக்கப் புத்தகம், நூல் இருப்பு, அங்கத்தினர் பங்குத்தொகை, பயிர்க்கடன் பாக்கி ஆகியவற்றைக் கணினியில் பதிந்து வைக்கும் சங்கங்கள் இன்று பல. அவ்வாறு பதிந்தவற்றை ஓரிடத்தில் தாங்கி நின்று, அலுவலகத்திலுள்ள ஏனைய கணினிகளுக்கு வேண்டியபோது எடுத்து வழங்கும் இயந்திரத்தையே சர்வர் என்கிறோம். இரவு பகல் பாராது ஓடுவது அது. அதனை வாங்கப் புகும் நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளி கோரும்போது பிராசஸரின் வேகம், ராமின் அளவு, டிஸ்க்கின் கொள்ளளவு என்னும் மூன்றை எழுதி அனுப்புவது வழக்கம். மூன்றும் வேண்டியவையே. ஆயினும், பத்தாண்டுக் கணக்கு பிழையின்றி நிற்குமா என்னும் கேள்விக்கு இம்மூன்றிலும் விடை இல்லை. நினைவகம் தன்னில் நேர்ந்த பிழையைத் தானே கண்டு திருத்தி அறிவிக்கக்கூடியதா என்பதையும், இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் நாம் நிறுவ எண்ணும் இயங்குதளம் அறிந்திருக்கிறதா என்பதையும் கேட்டறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

இயங்குதளம் பலவாக இருப்பினும், மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட லினக்ஸ் வகையையே நாம் உதாரணமாகக் கொள்கின்றோம். ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய கெர்னல் என்னும் கரு நிரலே அதன் அடிப்படை. அக்கருவைச் சுற்றி ஆயிரக்கணக்கான நிரல்களைத் தொகுத்து முழுமையான இயங்குதளமாக அளிப்பவற்றுள் டெபியன் என்பது ஒன்று. இயன் மர்டாக் என்பவர் 1993 ஆகஸ்டில் தொடங்கிய இப்பணியை இன்று உலகெங்குமுள்ள தொண்டர்கள் நடத்தி வருகின்றனர். உரிமக் கட்டணம் கிடையாது. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு நிலையான பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று ஆண்டுகள் முழுப் பராமரிப்பும், அதன்மேல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கின்றன. கணக்கு வைப்போர்க்கு இந்த நிதானமே பெரிய சௌகரியம்.

நினைவகத்தில் பிழை எவ்வாறு நேர்கிறது?

கடைக்காரர் ராம் என்று சொல்லும் பலகைகளே நினைவகம். கணக்கு டிஸ்க்கில் நிலையாக இருப்பினும், அதனைப் படிக்கவும் கூட்டவும் திருத்தவும் முதலில் நினைவகத்திற்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும். அங்கே ஒவ்வோர் எண்ணும் 0, 1 என்னும் இரு குறிகளின் வரிசையாக நிற்கிறது. அக்குறி ஒவ்வொன்றையும் பிட் என்பர். ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தேங்கியிருக்கும் சிறிதளவு மின்னேற்றமேயன்றி வேறில்லை. அது கசியும் இயல்புடையது. ஆதலால் 64 மில்லி வினாடிக்கு ஒருமுறையேனும் இயந்திரம் அதனைப் படித்து மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு மெல்லிய பிடியில் நிற்கும் ஒன்று என்றேனும் பிசகுவதில் வியப்பில்லை.

1978-இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டிமதி மே, முர்ரே வுட்ஸ் என்னும் இருவர், சில்லுகளைப் பொதிந்துள்ள பீங்கான் உறையில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் அணுத்துகள்கள் வெளிவிடும் ஆல்ஃபா கதிர்களே பிட்டுகளைப் புரட்டுகின்றன என்று எடுத்துக் காட்டினர். அதற்கடுத்த ஆண்டிலேயே ஜேம்ஸ் ஸீக்லர், வில்லியம் லான்ஃபோர்ட் ஆகிய இருவரும், வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களாலும் இவ்வாறு நேரக்கூடும் என்று எழுதினர். உறைப்பொருள் பின்னர்த் தூய்மைப்படுத்தப்பட்டது. வானத்தை அடைக்க வழியில்லை.

பெல்ஜியம் நாட்டில் 2003 மே 18-ஆம் நாள் நடைபெற்ற தேர்தலை இங்கே சொல்லுதல் பொருந்தும். பிரஸ்ஸல்ஸை அடுத்த ஸ்கார்பேக் பகுதியில் காந்த அட்டையும் கணினியும் கொண்டு வாக்கு எண்ணப்பட்டது. வேட்பாளர் ஒருவர்க்கு, வரவே முடியாத அளவில் வாக்குகள் விழுந்திருப்பதாகக் கணினி காட்டியது; அவருடைய கட்சிப் பட்டியல் பெற்ற மொத்தத்தையும் அது விஞ்சி நின்றமையால்தான் ஐயம் எழுந்தது. அட்டைகளை மீண்டும் எண்ணியபோது, முன்னைய எண்ணிக்கையில் மிகுதியாக இருந்தவை சரியாக 4,096 வாக்குகள் என்று தெரிந்தது. நிரலை ஆராய்ந்தவர்கள் அதில் குற்றம் காணவில்லை. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கி வரும் எண். ஆகவே நினைவகத்தில் பதின்மூன்றாம் இடத்திலிருந்த ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆக மாறியிருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கே வல்லுநர் வந்தனர். எக்காரணத்தால் மாறிற்று என்பதற்குச் சாட்சியில்லை. காஸ்மிக் கதிராயிருக்கலாம் என்பது ஊகம்.

இதனை நம் பேரேட்டிற்குப் பொருத்திப் பாருங்கள். ஓர் அங்கத்தினரின் பாக்கி 1,250 ரூபாய் என்று நினைவகத்தில் நிற்கிறது. அதே பதின்மூன்றாம் பிட் புரண்டால் அது 5,346 ரூபாய் ஆகிவிடும். இயந்திரம் நிற்காது, எச்சரிக்கை எதுவும் தோன்றாது, அத்தவறான தொகையே டிஸ்க்கில் எழுதப்பட்டு, அன்றிரவு எடுக்கப்படும் நகலிலும் ஏறிவிடும். கையெழுத்துப் பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருப்பின் தணிக்கையாளர் கண்ணில் படும். இங்கோ எழுத்து அச்சுப்போல் சுத்தமாக இருக்கும். பெல்ஜியத்தில் எண்ணிக்கை மிகப் பெரிதாயிருந்தமையால் அகப்பட்டுக்கொண்டது. நான்காம் பிட் புரண்டு எட்டு ரூபாய் மட்டும் வேறுபட்டிருந்தால் எவர் கேட்டிருப்பர்?

இவ்வாறு நேர்வது மிக அரிது என்று பலகாலம் எண்ணியிருந்தனர். டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர் என்னும் அம்மையார் கூகிள் நிறுவனத்தார் இருவருடன் சேர்ந்து, அந்நிறுவனத்தின் சர்வர்களை இரண்டரை ஆண்டுக் காலம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது. ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில், திருத்தத்தக்க நினைவகப் பிழை ஒன்றேனும் தோன்றியிருந்தது. பலகைக் கணக்கில் நூற்றுக்கு எட்டுக்கு மேல். காஸ்மிக் கதிர் கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் அவ்வாராய்ச்சியின்படி பிழைகளிற் பெரும்பாலானவை பழுதடைந்து வரும் பலகைகளிலிருந்தே வந்தன. ஒருமுறை பிழை காட்டிய பலகை மறுமுறையும் காட்டும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதும் அதில் கண்டது. இதனை மனத்தில் வைத்துக்கொள்க; பின்னர் உதவும்.

எட்டுப் பிட்டுகளின் வேலை

இதற்குப் பரிகாரம் புதியதன்று. அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங் என்னும் கணித அறிஞர், வார இறுதியில் ஆளில்லாத வேளையில் ரிலே கணினியில் தம் கணக்கை ஓடவிட்டுச் செல்வது வழக்கம். அவ்வியந்திரம் பிழை நேர்ந்ததைக் கண்டுகொள்ளும் திறமுடையது; ஆனால் கண்டவுடன் அவ்வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இராது. பிழை இருப்பதைக் காண வல்ல இயந்திரம், அது எவ்விடத்தில் இருக்கிறதென்று கண்டு ஏன் திருத்தக் கூடாது என்று அவர் சிந்தித்ததன் பயனாக, 1950-இல் பிழை திருத்தும் குறிமுறை பற்றிய கட்டுரை வெளிவந்தது.

இன்றைய சர்வர்களில் இருக்கும் இ.சி.சி. நினைவகம் அதன் வழிவந்ததே. 64 பிட் தகவலோடு 8 பிட் காவல் குறிகளையும் சேர்த்து 72 பிட்டாக எழுதி வைக்கின்றனர். படிக்கும்போது காவல் குறிகளைக் கணக்கிட்டு ஒப்பிட, ஒரு பிட் புரண்டிருந்தால் எந்தப் பிட் என்பது தெரிந்து அக்கணமே திருத்தப்படும். இரண்டு பிட் புரண்டிருப்பின் திருத்த இயலாது. எனினும் பிழை உண்டென்பது வெளிப்பட்டுவிடும். இயந்திரம் வேலையை நிறுத்திவிடுமேயன்றித் தவறான தொகையை எழுதாது. பழைய வகைப் பலகையில் ஒரு பக்கத்துச் சில்லுகளை எண்ணினாலே இதனை அறியலாம். எட்டுச் சில்லுகள் இருக்கும் இடத்தில் இ.சி.சி. பலகையில் ஒன்பது இருக்கும்.

திருத்துவதோடு அறிவிப்பதும் நடைபெறுகிறது என்பதே சர்வர் வைத்திருப்போர்க்கு மிக முக்கியம். லினக்ஸ் கெர்னலில் 2006-ஆம் ஆண்டு 2.6.16-ஆம் பதிப்பில் இடாக் என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. எந்தப் பலகையில் எத்தனை பிழைகள் திருத்தப்பட்டன, எத்தனை திருத்த இயலாதவை என்று அது எண்ணி வைக்கிறது. எனவே பலகை கெட்டுப்போவதற்கு முன்னரே அதன் நோயை நாம் அறிகின்றோம்.

இ.சி.சி. இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸைத் தொடங்கியவரின் சொந்த அனுபவமே சான்று. சாதாரண மேசைக் கணினிகளில் இ.சி.சி. அரிதாகிப்போனமைக்கு இன்டெல் நிறுவனத்தின் வியாபாரக் கொள்கையே காரணம் என்று டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் கடுமையாகக் கண்டித்து எழுதியிருந்தார். 2022 அக்டோபரில், கெர்னலின் 6.1-ஆம் பதிப்புக்கான மாற்றங்களை அவர் சேர்த்துக்கொண்டிருந்த வேளையில், அவருடைய மேசைக் கணினியிலேயே நிரல் தொகுக்கும் வேலை காரணமின்றி இடையிடையே அறுந்து விழுந்தது. கெர்னலில் ஏதோ குற்றம் என்று முதலில் ஐயுற்றுத் தேடினார். முடிவில் பழுது நினைவகப் பலகையில் என்று தெரிந்தது. அதில் இருந்தது இ.சி.சி. அல்லாத பலகை. கெர்னலின் ஒவ்வொரு வரியையும் அறிந்தவர்க்கே நோயின் இடம் உடனே புலப்படவில்லையெனில், சங்கத்தின் எழுத்தர் மென்பொருள் விற்றவரையும் மின்சாரத்தையும் மாறி மாறிக் குறை கூறிக்கொண்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

விலைப்புள்ளியில் எழுத வேண்டுவன

குறைந்த விலை சொன்னவர்க்கே கொடுத்தல் என்னும் முறை நம்மிடம் உண்டு. "ராம் 32 ஜி.பி." என்று மட்டும் எழுதி அனுப்பினால், குறைந்த விலை சொல்லும் வியாபாரி இ.சி.சி. இல்லாத பலகையைத்தான் தருவார். அவர்மேல் குற்றமில்லை, கேட்டதைத் தந்தார். மேலும், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை அறிவு நிலையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிற்று. அத்தகைய காலங்களில் முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத இந்த எட்டுப் பிட்டுகளே. வெட்ட வேண்டுமாயின் அளவை வெட்டலாம். சில பேர் மட்டும் உபயோகிக்கும் கணக்கு சர்வர் ஒன்றுக்கு இ.சி.சி. உடைய 16 ஜி.பி., அஃது இல்லாத 64 ஜி.பி.யைவிட மேலானது என்பதே எம் துணிபு.

பிராசஸர், மதர்போர்டு, பலகை ஆகிய மூன்றும் இ.சி.சி.க்கு இசைந்திருந்தாலன்றிக் காவல் நடைபெறாது. இன்டெலின் ஸியான், ஏ.எம்.டி.யின் எபிக் என்னும் சர்வர் வகைகளில் இது பற்றிக் கவலையில்லை. மேசைக் கணினி வகைகளில்தான் குழப்பம். ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசஸர்கள் பலவற்றுக்கு இத்திறன் உண்டெனினும், மதர்போர்டு செய்பவர் அதற்கு வழி செய்திருக்க வேண்டும். "ஜி" என்னும் எழுத்தில் முடியும் வகைகளில் "ப்ரோ" என்ற பெயர் இல்லாதவற்றுக்கு அத்திறன் இல்லை. இன்டெலின் 12-ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களுக்கு டபிள்யூ 680 என்னும் சிப்செட் கொண்ட மதர்போர்டு வேண்டும். மதர்போர்டின் விவரப் புத்தகத்தில் "இ.சி.சி. பலகை பொருத்தலாம்" என்று மட்டும் இருந்தால் போதாது. பொருத்தலாம், ஓடும், ஆனால் திருத்தாது என்னும் வகையும் உண்டு. "இ.சி.சி. முறையில் இயங்கும்" என்று எழுதியிருத்தல் வேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. ரெஜிஸ்டர்டு எனப்படும் பலகையும் அன்பஃபர்டு எனப்படும் பலகையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத் தக்கவை அல்ல. பெரிய சர்வர்கள் முன்னதையும், சிறிய சர்வர்களும் மேசைக் கணினிகளும் பின்னதையும் ஏற்கும். பழைய சர்வர்களிலிருந்து கழித்த ரெஜிஸ்டர்டு பலகைகள் மலிவாகக் கிடைக்கும் என்று வாங்கி வந்து, மதர்போர்டு ஏற்காமல் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டாம்.

டி.டி.ஆர்.5 வகைப் பலகைகள் வந்த பின்னர் இன்னும் ஒரு மயக்கம் சேர்ந்திருக்கிறது. அவ்வகைச் சில்லு ஒவ்வொன்றும் தன்னுள்ளே ஒரு சிறு பிழைதிருத்தம் செய்துகொள்கிறது. அதனைக் காட்டி "இதிலே இ.சி.சி. இருக்கிறதே" என்று விற்பவர் சொல்லக்கூடும். அது சில்லுக்குள் நிகழும் பிழைக்கு மட்டுமே. சில்லிலிருந்து பிராசஸருக்குச் செல்லும் வழியில் நேரும் பிழையை அது காக்காது. இயங்குதளத்திற்கு அறிவிப்பதும் இல்லை. நாம் கேட்பது பலகை முழுதுக்குமான காவல். அதற்குக் கூடுதல் சில்லுகள் பலகையில் இருந்தே தீரும்.

எவ்வளவு நினைவகத்தை இயங்குதளம் கையாளும்?

பழைய இயந்திரம் ஒன்று கையில் இருக்கிறது, அதிலேயே நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்போர் உண்டு. இயந்திரம் 32 பிட் வகையாயின் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. தெருவிலுள்ள வீடுகளுக்குக் கதவிலக்கம் இருப்பதுபோல நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய இலக்கங்கள் 4,294,967,296 மட்டுமே. அதாவது 4 ஜி.பி. 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவில் இலக்கத்தை 36 பிட்டாக நீட்டி 64 ஜி.பி. வரை எட்டச் செய்தனர். எட்டிற்று என்னவோ உண்மை. ஆனால் 32 பிட் லினக்ஸ் கெர்னல் தான் நேரடியாகக் கையாளும் பகுதி சுமார் 896 எம்.பி.க்குள் அடங்கியிருந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு 4 கே.பி. பக்கத்துக்கும் 32 பைட் அளவில் ஒரு குறிப்பை அப்பகுதியிலேயே அது வைக்க வேண்டும். 64 ஜி.பி. பொருத்தினால் குறிப்புகளே 512 எம்.பி. ஆகிவிடும். களஞ்சியம் பெரிதாகப் பெரிதாகக் கணக்குப்பிள்ளையின் மேசை முழுதும் இருப்புச் சீட்டுகளே நிறைந்து, எழுத இடமில்லாமற் போன கதைதான். நினைவகம் ஏராளமாகக் காலியாயிருக்க, இயந்திரம் இடமில்லையென்று நிற்கும்.

2003 ஏப்ரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆப்டரான் இத்தொல்லைக்கு முடிவு கட்டியது. அதன் 64 பிட் முறையையே பின்னர் இன்டெலும் ஏற்றது. இம்முறையில் லினக்ஸ் 256 டி.பி. வரையுள்ள இலக்கப் பரப்பை இயல்பாகவே கையாளும். 2017-இல் வெளிவந்த 4.14-ஆம் கெர்னலில் அதனினும் பெரிய பரப்புக்கும் வழி செய்தனர். நம்போன்றோர்க்கு அது வேண்டாத ஆடம்பரம். டெபியனோ 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் 32 பிட் இன்டெல் வகைக்குக் கெர்னலையும் நிறுவும் வட்டையும் நிறுத்திவிட்டது. ஆகவே 32 பிட் இயந்திரத்திற்கு நினைவகம் வாங்கும் பணம் வீண்.

உறுப்புகளை இயங்குதளம் அறிந்திருத்தல்

டிஸ்க் கட்டுப்படுத்தி, வலை அட்டை முதலிய ஒவ்வோர் உறுப்பையும் இயக்குவதற்கு ஓர் இயக்கி நிரல் வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான இயக்கி நிரல்கள் கெர்னலின் மூலநிரலோடேயே வருகின்றன. உறுப்பைச் செய்தவர் தொழிலை மூடிவிட்டாலும், நிரல் அங்கேயே இருந்து பிறரால் பேணப்படும். இதனைத் திறந்த மூலத்தின் தலையாய பயன் என்று கொள்ளலாம். தயாரிப்பாளர் தனியே ஒரு நிரலைக் கொடுத்து "இதை ஏற்றிக்கொள்க" என்று சொல்லும் உறுப்பை வாங்காதிருத்தல் நலம். அடுத்த கெர்னல் வரும்போது அது ஒத்து வராது. அப்போது கேட்க ஆளிருக்காது.

உறுப்புக்குள்ளேயே ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரல் வேறு சங்கதி. அது பெரும்பாலும் மூலம் திறக்கப்படாதது. 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-ஆம் பதிப்பில் கொள்கை காரணமாக அவற்றையெல்லாம் கெர்னலிலிருந்து நீக்கினர். பிராட்காம் வலைச் சில்லு பொருத்திய சர்வர்களில் டெபியனை நிறுவப் புகுந்தோர், வலையிலிருந்து ஃபர்ம்வேரைக் கொணர வலை இன்றி, யூ.எஸ்.பி. குச்சியைத் தேட நேர்ந்தது. 2022-இல் டெபியன் தொண்டர்கள் வாக்கெடுப்பு நடத்தி, நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேரைச் சேர்ப்பதென முடிவு செய்தனர். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பு முதல் அத்தொல்லை தீர்ந்தது. கொள்கைப் பிடிப்பு நல்லதே. சர்வர் அறையில் நிற்பவனுக்கு வலை வேண்டும்.

மிகப் புதிய இயந்திரமும் தொல்லை, மிகப் பழைய இயந்திரமும் தொல்லை. டெபியனின் நிலையான பதிப்பு தன் கெர்னலை ஒரு கட்டத்தில் உறையவைத்துவிடுகிறது. 12-ஆம் பதிப்பில் 6.1, 13-ஆம் பதிப்பில் 6.12. அதன்பின் சந்தைக்கு வந்த வலை அட்டையை அக்கெர்னல் அறியாதிருக்கலாம். புதிய கெர்னலைத் தனியே தருவித்துக்கொள்ள வழி இருந்தாலும், ஓராண்டேனும் சந்தையில் நின்ற இயந்திரத்தை வாங்குவதே அமைதி. பழமையிலோ, ரெட் ஹாட் நிறுவனத்தின் வழிவந்த இயங்குதளங்களை நாடுவோர் விழிப்பாயிருக்க வேண்டும். 2025 மே மாதம் வந்த அதன் 10-ஆம் பதிப்பு, இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையில் 2013-இல் புகுத்தப்பட்ட கட்டளைகளை அறியாத பிராசஸர்களில் ஓடாது. கழிவு விலைக்கு வரும் சர்வர்களில் "ஸியான் இ5 வி2" என்று எழுதியிருந்தால் அது ஓடாத வகை; "வி3" என்றிருந்தால் ஓடும். அல்மாலினக்ஸ் என்னும் இணைத்தொகுப்பு பழைய வகைக்கும் தனிப் பதிப்பு தருகிறது. டெபியனோ இவ்விஷயத்தில் தாராளமாகவே இருந்து வருகிறது. எனினும் எதுவும் நிரந்தரமன்று. டோர்வால்ட்ஸ் தம் முதல் கெர்னலை எழுதிய 386 பிராசஸரையே 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து நீக்கிவிட்டனர்.

டிஸ்க்குகளை இணைத்துக் காக்கும் ரெய்டு அட்டையைத் தனியே வாங்க வேண்டுமா என்றால், சிறிய சங்கத்திற்கு வேண்டாம் என்போம். அட்டை பழுதானால் அதே வகை அட்டை கிடைத்தாலன்றி டிஸ்க்கைப் படிக்க இயலாமற் போகலாம். லினக்ஸே செய்யும் மென்பொருள் ரெய்டில், டிஸ்க்குகளைக் கழற்றி வேறெந்த லினக்ஸ் இயந்திரத்தில் மாட்டினாலும் படிக்கலாம். அலமாரியில் செருகும் ரேக் வகைச் சர்வரின் விசிறி ஒரு சிறு அறையில் எழுப்பும் இரைச்சலை ஒருமுறை நேரில் கேட்டுவிட்டு வாங்குக. யூ.பி.எஸ். வாங்கும்போது, மின்சாரம் நின்றதைச் சர்வருக்குத் தெரிவிக்கும் கம்பி இணைப்பு உடையதாகவும், நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ் என்னும் திறந்த மூல நிரலின் பட்டியலில் உள்ளதாகவும் பார்த்துக்கொண்டால், பேட்டரி தீருமுன் இயந்திரம் தானே ஒழுங்காக நின்றுகொள்ளும்.

வந்து சேர்ந்த பின்

இயந்திரம் வந்த அன்றே கணக்கை ஏற்றிவிடலாகாது. மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்னும் இலவச நிரலை யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து ஓடவிட்டு, ஓரிரவு முழுதும் நினைவகத்தைச் சோதித்தல் வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அப்பலகையைத் திருப்பி அனுப்புக. "ஒன்றுதானே" என்று விற்பவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். பலகைகளை எந்தத் துளைகளில் செருக வேண்டும் என்று மதர்போர்டு புத்தகத்தில் வரிசை கொடுத்திருப்பர். அவ்வாறே செருகியிருக்கிறதா என்று பார்க்க. நினைவகத்தை நிர்ணயித்த வேகத்திற்கு மேல் ஓட்டும் அமைப்பு ஏதேனும் இருப்பின் அணைத்துவிடுக. விளையாட்டுக் கணினிக்கு உரியது அது.

பின்னர் டெபியனை நிறுவி, டிஎம்ஐடிகோட் என்னும் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு பலகையின் விவரமும் வரும். அதில் தகவல் அகலம் 64 பிட் என்றும், மொத்த அகலம் 72 என்றும் காட்டினால் காவல் பிட்டுகள் உண்டு. டி.டி.ஆர்.5 ஆயின் மொத்தம் 80 எனவும் இருக்கலாம். இரண்டும் 64 என்றே இருந்தால், பட்டியில் எதை எழுதியிருந்தாலும் வந்தது இ.சி.சி. அல்ல, பணம் கொடுப்பதற்கு முன்னரே இதனைப் பார்த்துவிட வேண்டும். அடுத்து, இடாக் பகுதி பலகைகளை அடையாளம் கண்டு எண்ணத் தொடங்கியிருக்கிறதா என்று உறுதி செய்க. ராஸ்டீமன் என்னும் நிரலை நிறுவிக்கொண்டால், நேர்ந்த பிழையை நாள், நேரம், பலகை இடம் ஆகியவற்றோடு அது பதிந்து வைக்கும்.

மாத இறுதியில் ஐந்தொகை சரிபார்க்கும் நாளில் இந்த எண்ணிக்கையையும் ஒருமுறை பார்த்து, அதற்கென ஒரு நோட்டில் எழுதி வருதல் நன்று. ஆண்டில் ஒன்று தோன்றி மறைந்தால் கவலை வேண்டாம். அதே பலகையில் அடுத்தடுத்துத் தோன்றினால், மேலே குறிப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆராய்ச்சியின்படி அது வளர்ந்துகொண்டே போகும். இரண்டு பிட் பிழை வந்து இயந்திரம் நிற்கும் வரை காத்திராமல், ஒரு மாலை நேரத்தில் சர்வரை நிறுத்திப் பலகையை மாற்றிவிட வேண்டும். மாற்றுவதற்கு அதே வகைப் பலகை அன்று கடையில் கிடைக்குமா என்பது ஐயம், டி.டி.ஆர். தலைமுறைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே நான்கு பலகை வாங்குமிடத்தில் ஐந்தாவது ஒன்றையும் அதே விலைப்புள்ளியில் சேர்த்து வாங்கி, அந்த ஓரிரவுச் சோதனையை அதற்கும் நடத்தி, மின்காப்பு உறையோடு சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்க. உறையின்மேல் வாங்கிய தேதியையும் பலகையின் முழு எண்ணையும் எழுதி ஒட்டுதல் வேண்டும்.